ஏபிள் கணக்கில் பலரும் சறுக்கும் இடங்கள்

அமெரிக்காவில் எஸ்எஸ்ஐ (வருமானம் குறைந்த மாற்றுத்திறனாளிகளுக்கும் முதியோருக்கும் அரசு மாதாமாதம் தருவது) உதவித்தொகை வாங்கும் ஒருவர் தன் பெயரில் 2,000 டாலருக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. குடியிருக்கும் வீடு, ஒரு கார் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. வங்கியில் கிடக்கும் பணத்துக்கு இல்லை. இந்தக் கெடுபிடிக்கு நடுவே மாற்றுத்திறனாளிகள் சேமிக்க வழி விட்டது 2014இல் வந்த ஏபிள் சட்டம். அதன்படி தொடங்கும் ஏபிள் சேமிப்புக் கணக்கில் 1,00,000 டாலர் வரை இருந்தாலும் எஸ்எஸ்ஐ அதைச் சொத்தாகப் பார்ப்பதில்லை. குறைபாட்டோடு தொடர்புடைய தகுதியான செலவுக்கு எடுத்தால், வளர்ந்த தொகைக்கு வரியும் கிடையாது. ஆனால் பணம் எந்த வழியாக உள்ளே போகிறது, எந்தத் தேதியில் வெளியே வருகிறது என்பது முக்கியம்.

"எங்கள் வருமானத்துக்கு எஸ்எஸ்ஐயே கிடைக்காது, அப்புறம் எதற்கு இந்தக் கணக்கு?" என்று ஐடி வேலையில் இருக்கும் பெற்றோர் விட்டுவிடுவதுதான் முதல் தவறு. பெற்றோரின் வருமானத்தைப் பார்ப்பது பிள்ளைக்கு 18 வயது ஆகும்வரைதான். அதன்பின் பிள்ளையின் சொந்தப் பணத்தைத்தான் பார்ப்பார்கள். அன்றைக்கு அவன் பெயரில் இருக்கும் சேமிப்பும், ஊரில் தாத்தா ஆசையாகப் போட்டுவைத்த ஃபிக்சட் டெபாசிட்டும் அந்த 2,000 டாலர் வரம்போடு மோதும். ஏபிள் தொடங்க எஸ்எஸ்ஐ வாங்கியிருக்க வேண்டும் என்பதில்லை. உரிய அளவு கடுமையான குறைபாடு என்றால், மருத்துவரின் சான்றைக் கையில் வைத்துக்கொண்டு நாமே உறுதியளித்துத் தொடங்கலாம்.

எஸ்எஸ்ஐ வாங்குபவர் கையில் பிறந்தநாள் பணத்தைக் கொடுத்தால் அது அந்த மாத வருமானமாகிவிடும். சித்தப்பா நேராக ஏபிள் கணக்கில் போட்டால் அது வருமானமாகாது. இந்த விதி சம்பளத்துக்கும் பொருந்தும் என்று நினைக்காதீர்கள். சம்பளத்தை நேரே ஏபிளுக்கு அனுப்பினாலும் அது வருமானம்தான். ஆண்டு வரம்பும் (2025இல் 19,000 டாலர்) போடுகிறவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அல்ல, எல்லோருக்கும் சேர்த்து. வேலைக்குப் போகிற, அங்கே ஓய்வூதியச் சேமிப்பு எதுவும் போடாத கணக்குதாரர் மட்டும் தன் சம்பளத்திலிருந்து ஓரளவு கூடுதலாகப் போடலாம்.

பணத்தை எடுக்கும்போது வாடகையில்தான் கவனம் வேண்டும்: எடுத்த மாதத்துக்குள்ளேயே கொடுத்துவிட வேண்டும். ஒருவருடைய சாதாரண வங்கிக் கணக்கில் 900 டாலர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாடகைக்காக ஜனவரி 29 அன்று ஏபிளிலிருந்து 1,400 டாலர் எடுக்கிறார். வீட்டுக்காரருக்குக் கொடுப்பது பிப்ரவரி 3. பிப்ரவரி முதல் தேதி விடியும்போது அவர் பெயரில் 2,300 டாலர் நிற்கும். போச்சு, அந்த மாத எஸ்எஸ்ஐ கிடையாது. அதே பணத்தை பிப்ரவரி 2 எடுத்து 3 அன்று கொடுத்திருந்தால் எந்தச் சிக்கலும் இல்லை. தெரபி, லேப்டாப், பஸ் பாஸ் போன்ற செலவுகளுக்கு எடுத்து வைத்த பணத்துக்கு இந்த மாதக் கெடு இல்லை; வீட்டுச் செலவுக்குத்தான். ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். தகுதியில்லாத செலவுக்கு எடுத்தால், எடுத்ததில் வளர்ச்சியாகச் சேர்ந்த பகுதிக்கு வரியோடு 10 சதவீதம் கூடுதலாக விழும்.

"எனக்கு வயதாகிவிட்டது" என்று ஒதுங்குபவர்களும் உண்டு. பார்ப்பது இன்றைய வயதை அல்ல, குறைபாடு தொடங்கிய வயதை. முன்பு 26 வயதுக்குள் தொடங்கியிருக்க வேண்டும். 2026 ஜனவரி முதல் அது 46. நாற்பதில் பார்வை இழந்த அறுபது வயதுக்காரர் இப்போது தாராளமாகத் தொடங்கலாம்.

கடைசியாக, பெற்றோர் தங்கள் மொத்தச் சேமிப்பையும் வருடாவருடம் இதிலேயே கொட்டுவது. கணக்குதாரர் இறந்தால், கணக்கு தொடங்கிய பிறகு மெடிகெய்ட் (அரசு மருத்துவ உதவித் திட்டம்) அவருக்குச் செலவழித்ததை மாநிலம் மீதிப் பணத்திலிருந்து கேட்கலாம். சில மாநிலங்கள் இதைக் கட்டுப்படுத்தியிருக்கின்றன, எல்லாம் அல்ல. பெற்றோரோ தாத்தா பாட்டியோ மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்காகத் தங்கள் பணத்தில் ஏற்படுத்தும் சிறப்புத் தேவை அறக்கட்டளைக்கு (ஸ்பெஷல் நீட்ஸ் டிரஸ்ட்) இந்தப் பாக்கி கிடையாது. பெரிய தொகையை அங்கே வைத்து, அவ்வப்போது தேவைப்படுவதை மட்டும் அங்கிருந்து ஏபிளுக்கு அனுப்பலாம். அறக்கட்டளைப் பத்திரத்தை இந்தச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் கொடுத்தே எழுதுங்கள். இணையத்தில் கிடைக்கும் மாதிரிப் படிவம் இதற்கு ஆகாது.