மழைக்காலத்தில் இறுகிப்போன ஒபினெல் மடக்குக் கத்தியைச் சரிசெய்வது எப்படி?

போன ஐப்பசி அடைமழையில் என் எட்டாம் எண் (கத்தியின் அளவைக் குறிக்கும் எண்) ஒபினெல் சுத்தமாக இறுகிவிட்டது. அலகில் உள்ள நகக்குழியில் விரல் வைத்து இழுத்து நகம் பிய்ந்ததுதான் மிச்சம், அலகு அசையவில்லை. கத்தியில் பழுது எதுவும் இல்லை. பிடி பீச் மரம், அது ஈரத்தைக் குடித்து உப்பி, அலகை இரண்டு பக்கமும் கவ்விக்கொள்கிறது.

முதலில் திறக்க வேண்டும். பிடியின் தலைப்பில் சுழலும் உலோகப் பூட்டு வளையத்தைத் திருகி, அதன் வெட்டுவாய் பிடியின் பிளவோடு நேராக நிற்கும்படி வையுங்கள். பிறகு பிடியின் அடிமுனையை மரப்பலகையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினால் அலகின் முனை மெல்ல எட்டிப் பார்க்கும். இந்தக் கத்தி பிறந்த பிரான்சின் சவோய் மலைப்பகுதி ஆட்களின் பழைய வித்தை இது, அவர்கள் ஊர்ப் பெயரிலேயே 'சவோய்த் தட்டு' என்கிறார்கள்.

அடுத்ததில்தான் நான் தவறினேன். திறந்த கையோடு உப்புத்தாளை எடுத்துப் பிளவைத் தேய்த்துவிட்டேன், கத்தி வெண்ணெய் போல மடங்கியது, சந்தோஷமாக இருந்தது. மாசி வெயிலில் மரம் காய்ந்து சுருங்கியதும் அதே அலகு லொடலொடவென்று ஆடியது. தேய்த்த மரம் திரும்ப வராது. அதனால் கத்தியை அரிசி டப்பாவில் புதைத்து ஒரு வாரம் மறந்துவிடுங்கள். பாதிக் கத்திகள் இதிலேயே சரியாகிவிடும், உப்புத்தாளே தேவைப்படாது.

காய்ந்த பிறகும் இறுக்கமா? அலகின் வாயில் காகித டேப் சுற்றிவிட்டு, ரிவெட்டை (அலகு சுழலும் ஆணி) ஒட்டிய பக்கங்களில் 6பி பென்சிலைக் கறுப்பாகத் தேய்த்து நாலைந்து முறை திறந்து மூடுங்கள். பிளவின் உட்சுவரில் எங்கே கறுப்பு ஒட்டுகிறதோ அங்கேதான் உரசல். பெரும்பாலும் அது ரிவெட் பக்கத்தில் ஒரு நகக்கண் அளவு இடம்தான், நான் அது தெரியாமல் பிளவு முழுவதையும் தேய்த்திருந்தேன். வளையத்தைக் கழற்ற, அதை விரித்து எடுக்கும் இடுக்கியான சர்க்ளிப் பிளையர் வாங்கிவிடுங்கள், ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் வளையம் கோணிவிடும். பிறகு 240 எண் உப்புத்தாளை மடித்து, கறுப்பு பட்ட இடத்தில் மட்டும் பத்து இழுப்பு, மூடிப் பார், மறுபடி பத்து. ரிவெட்டைத் தட்டி எடுக்கச் சொல்லும் வீடியோக்களைத் தொடக்கத்தில் நம்ப வேண்டாம்.

கடைசியாக ஆளிவிதை எண்ணெய், துணியில் தொட்டு மெல்லிய பூச்சு, ஒரு நாள் விட்டு இன்னொன்று. தேங்காய் எண்ணெய் காயாது, பிசுபிசுக்கும், சிக்கு வாடையும் வரும். எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது, விரித்துக் காயவையுங்கள்.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், ஜோசப் ஒபினெல் 1890இல் செய்த வடிவம் இன்னும் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கிறது. 1897இல் 1 முதல் 12 வரை எண்கள் வந்தன (1, 11 பிறகு நின்றுபோயின), 1909இல் கிரீடம் வைத்த கை முத்திரை, 1955இல் பூட்டு வளையம். எண்ணெய் ஊறிய பிடியைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தால் பீச்சின் சின்னச் சின்னப் பழுப்புக் கீற்றுகள் தெரியும். எனக்கு அதைப் பார்க்கச் சலிக்கவே இல்லை.

பின்சேர்க்கை 1: துருப்பிடிக்காத அலகு வாங்கினால் இந்தத் தொல்லை இல்லையா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். துரு வராது, ஆனால் உப்புவது மரம், அது இரண்டிலும் ஒன்றுதான். நான் கார்பன் எஃகுதான் வாங்குவேன், தீட்டுக்கல்லில் சட்டென்று கூர் ஏறும், எலுமிச்சை நறுக்க நறுக்கச் சாம்பல் நிறம் படியும்.

பின்சேர்க்கை 2: வளையம் இல்லாத கத்தியை '1955க்கு முந்தையது' என்று சொல்லி ஒரு வாசகரிடம் அதிக விலைக்கு விற்றிருக்கிறார்கள். அவர் அனுப்பிய படத்தில் இருந்தது நான்காம் எண். 2 முதல் 5 வரையிலான சின்னக் கத்திகளுக்கு இன்றைக்கும் வளையம் கிடையாது. ஆறும் அதற்கு மேலும் வளையமில்லாமல் வந்தால் மட்டும் வயதைப் பற்றிப் பேசுங்கள், அப்போதும் யாராவது கழற்றியிருக்கிறார்களா என்று பிடியின் தலைப்பில் உள்ள உலோகப் பட்டையில் கீறலைத் தேடிவிட்டு.