கோழிக்கறியிலிருந்து கார்னோசின் எடுக்கிறீர்களா? பிசகுவது இங்கேதான்

தசையில் இயல்பாகவே இருக்கும் கார்னோசின் ஒன்றும் புதுச் சரக்கு இல்லை. ரஷ்ய வேதியியலாளர் குலேவிச் 1900-லேயே இறைச்சிச் சாற்றில் அதைக் கண்டுபிடித்துவிட்டார். அதற்கு நெருங்கிய சொந்தம் அன்செரின். கோழி நெஞ்சுக்கறியில் கார்னோசினைவிட அதுதான் அதிகம். இரண்டும் சின்னப் பெப்டைடுகள், அதாவது அமினோ அமிலங்கள் கோத்த துண்டுகள். தண்ணீரில் நன்றாகக் கரையும், சூடு தாங்கும், கொழுப்பு காறிப்போவதைத் தடுக்கும். எடுப்பதில் சிரமமே இல்லை. கூடவே இறங்கி வருபவற்றை விலக்காமல் விடுவதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

முதலில் கறி. நெஞ்சையும் தொடையையும் கலந்து அரைக்காதீர்கள். நெஞ்சுக்கறியில் இந்தப் பெப்டைடுகள் பல மடங்கு அதிகம். தொடையின் சிவப்பு நிறம் மயோகுளோபின் என்ற தசைப் புரதத்தால் வருவது, அதற்குள் இருப்பது இரும்பு. நாம் தடுக்க நினைக்கும் காறலையே இரும்பு தூண்டிவிடும். உப்புநீர் ஏற்றிய கறியும் வேண்டாம். அந்த உப்பு முழுக்கச் சாற்றுக்கு வந்துவிடும்.

அடுத்தது சூடு. இதில் அவசரமும் கெடுக்கும், தாமதமும் கெடுக்கும். அரைத்த கறியை அதன் எடையைப் போல இரண்டு மடங்கு குளிர்ந்த நீரில் கலக்கி வடித்தால் கிடைப்பது இளஞ்சிவப்பான, கலங்கிய நீர். அதை அப்படியே பயன்படுத்துபவர்கள் புரதத்தையும் இரும்பையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறார்கள். 80 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கிப் பாருங்கள். முதலில் நுரை கட்டும், அப்புறம் சாம்பல் கலந்த வெள்ளைத் திரளாகப் புரதம் பிரியும், சிவப்பு போய் வைக்கோல் நிறத்தில் தெளிந்த சாறு நிற்கும். அந்த நிறமாற்றம்தான் நம்பகமான அடையாளம். உடனே ஆறவைத்து, மேலே உறையும் கொழுப்பை எடுத்துவிட்டு வடிகட்ட வேண்டும். சூப் மாதிரி மணிக்கணக்கில் கொதிக்க விட்டால் தோலும் சவ்வும் கரைந்து ஜெலட்டின் ஆகும், வடிகட்டி அடைத்துக்கொள்ளும். மயோகுளோபினில் கட்டுண்டிருந்த இரும்பும் கொஞ்சம் கொஞ்சமாக விடுபடும்.

மூலிகைச் சாறு எடுத்துப் பழகியவர்கள் கை தானாக எத்தனாலுக்குப் போகும். இங்கே அது உதவாது. கார்னோசின் எத்தனாலில் கரையாது என்றே சொல்லலாம், தண்ணீரே போதும். இன்னும் சுத்தமாக வேண்டுமென்றால் 5,000 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) வரை மட்டும் கடக்கவிடும் சவ்வு வடிகட்டி வழியாக விடலாம். கார்னோசினின் மூலக்கூறு எடை 226தான், தாராளமாகக் கடந்துவிடும்.

சோதனையிலும் ஒரு பொறி உண்டு. கொழுப்பு எவ்வளவு காறியிருக்கிறது என்று பார்க்கும் தயோபார்பிட்யூரிக் அமிலச் சோதனை, காறலில் உண்டாகும் ஆல்டிஹைடை அளக்கிறது. கார்னோசின் அந்த ஆல்டிஹைடோடு தானே சேர்ந்துகொள்ளும் என்பதால், அளவு குறைந்தது போலத் தோன்றும். காறலின் தொடக்கத்தில் உண்டாகும் பெராக்சைடின் அளவையும் சேர்த்துப் பார்க்காமல் முடிவு எழுதாதீர்கள்.

சாற்றைத் தூளாக உலர்த்தும்போது குளுக்கோஸ் போன்ற சர்க்கரை சேர்த்தால் தூள் பழுப்பாகிவிடும்.

கடைசியாக, இதை மருந்து என்று விற்பது. எனக்கு இதில் கோபமே வரும். மனித ரத்தத்தில் கார்னோசினேஸ் என்ற நொதி இருக்கிறது, கார்னோசினை அது சீக்கிரமே உடைத்துவிடும். சோதனைக் குழாயில் கண்டதை உடம்புக்கு வாக்குறுதியாகக் கொடுக்க முடியாது. சாசேஜிலோ கறி உருண்டையிலோ கொழுப்பைக் காக்கச் சேர்க்கிறீர்களா, சரி, அதை மட்டும் சொல்லுங்கள். பிஸ்கட்டிலோ மசாலாத் தூளிலோ ஒரு சிட்டிகை சேர்த்தாலும் அது அசைவம். இந்தியாவில் விற்கிறீர்கள் என்றால், சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் கட்டாயம் இருக்க வேண்டும்.