ஆடி அமாவாசை மாலையில் சூரிய கிரகணம்: தேதியை நீங்களே கணக்கிடுங்கள்

2027 ஆகஸ்ட் 2, திங்கட்கிழமை. ஆடி அமாவாசை. அன்று மாலை தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பகுதி சூரிய கிரகணம் தெரியும். அதே கிரகணம் எகிப்தின் லக்சர் நகரில் ஆறு நிமிடத்துக்கும் மேல் முழுமையாக இருக்கும். இந்தத் தேதியைப் பழைய கிரகணம் ஒன்றிலிருந்து நாமே வரவழைக்கலாம். கூட்டத் தெரிந்தால் போதும்.

படி 1: எதற்காக 18 ஆண்டு?

அமாவாசை மாதாமாதம் வருகிறது, கிரகணம் வருவதில்லை. நிலாவின் பாதை சுமார் 5 பாகை சாய்ந்திருப்பதுதான் காரணம். அந்தப் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகளைத்தான் பஞ்சாங்கம் ராகு, கேது என்கிறது. அவற்றில் ஒன்றின் அருகே அமாவாசை நேர்ந்தால்தான் கிரகணம்.

ஒரு அமாவாசையிலிருந்து அடுத்ததற்கு 29.5306 நாள். கேதுவைக் கடந்த நிலா மறுபடி கேதுவுக்கு வர 27.2122 நாள். 223 அமாவாசைகளுக்கு 6585.32 நாள் ஆகிறது. 242 கேது சுற்றுகளுக்கு 6585.36 நாள். இரண்டும் ஒரு மணி நேர வித்தியாசத்தில் பொருந்துகின்றன. நிலா பூமிக்கு மிக அருகே வந்துபோகும் சுற்றும் (27.5546 நாள்) 239 முறையில் 6585.54 நாளுக்கு வந்துவிடும். அதாவது அமாவாசை, கேது, நிலாவின் தூரம் மூன்றும் ஏறத்தாழ பழைய நிலைக்கே திரும்புகின்றன. அதனால்தான் முன்பு வந்ததைப் போன்ற கிரகணமே மறுபடி வருகிறது. சுமார் 18 ஆண்டு, 11 நாள் கொண்ட இந்த இடைவெளிக்கு சாரோஸ் என்று பெயர்.

படி 2: கூட்டல்

2009 ஜூலை 22ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சூரத், வாரணாசி, பாட்னா வழியாக முழு கிரகணம் போன நாள். உலக அளவில் அதன் உச்சம் இந்திய நேரம் காலை 8.05.

முதலில் 18 ஆண்டைக் கூட்டுங்கள்: 2027 ஜூலை 22. இடையில் எத்தனை பிப்ரவரி 29 என்று எண்ணுங்கள். 2012, 2016, 2020, 2024: நான்கு. நான்கு என்றால் இன்னும் 11 நாள் 7 மணி 43 நிமிடம் கூட்ட வேண்டும். ஐந்து என்றால் 10 நாள் 7 மணி 43 நிமிடம். இங்கே 11 நாள், ஆகவே ஆகஸ்ட் 2. நேரம் 8.05 + 7.43 = பிற்பகல் 3.48.

உண்மையான உச்சம் 3.36 அளவில். நிலா எப்போதும் ஒரே வேகத்தில் ஓடாததால் இந்தச் சில நிமிட வித்தியாசம். கூட்டல் தப்பு என்று நினைத்துத் திருத்த வேண்டாம்.

பலரும் தடுமாறுவது நள்ளிரவில்தான். 1991 ஜூலை 11 கிரகணத்தில் தொடங்கிப் பாருங்கள். இடையில் 1992, 1996, 2000, 2004, 2008 என ஐந்து லீப் நாள். ஜூலை 11 உடன் 10 நாள் கூட்டினால் 21 வரும், ஆனால் நடந்தது 22. உலக நேரப்படி 1991இன் உச்சம் ஜூலை 11 இரவு 7.06, அதனுடன் 7 மணி 43 நிமிடம் சேர்ந்ததும் நள்ளிரவு தாண்டி 22 ஆகிவிடுகிறது. தேதியோடு நேரத்தையும் சேர்த்தே எழுதுங்கள். தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே நேரக் கணக்கில் இருங்கள், உலக நேரமோ இந்திய நேரமோ.

படி 3: எங்கே விழும்?

6585 முழு நாள் போக மீதமுள்ள 0.32 நாளில் பூமி கிட்டத்தட்ட மூன்றில் ஒரு சுற்று சுழன்றுவிடும். எனவே நிழல் ஒவ்வொரு முறையும் சுமார் 115 பாகை மேற்கே தள்ளி விழும்: 1991இல் ஹவாய், மெக்சிகோ, 2009இல் இந்தியா, சீனா, 2027இல் வட ஆப்பிரிக்கா. மூன்று சாரோஸ் (54 ஆண்டு, ஒரு மாதம்) கழித்து நம் பக்கமே திரும்பும். 1955 ஜூன் 20 அன்று இலங்கையில் முழு கிரகணம்; அதன் மூன்றாம் வாரிசுதான் 2009. ஆனால் பாதை வடக்கே நகர்ந்துவிட்டது. படி 1இல் பார்த்த அந்த ஒரு மணி நேரம் ஒவ்வொரு தடவையும் சேர்வதால் இப்படி ஆகிறது. 1360இல் தென்முனையருகே பிறந்த இந்த வரிசை 71 கிரகணங்களுக்குப் பிறகு 2622இல் வடமுனையருகே முடியும்.

படி 4: பார்ப்பது

மாலை 3.36 என்பது உலக உச்சம், உங்கள் ஊர் உச்சம் அல்ல. ஸ்டெல்லேரியம் செயலியில் ஊரையும் தேதியையும் கொடுத்தால் சரியான நேரம் கிடைக்கும். நிழலின் மையம் நமக்குத் தென்மேற்கே போவதால் சென்னையைவிடக் கன்னியாகுமரியில் கூடுதலாக மறையும்.

அட்டையில் 3 செ.மீ. சதுரம் வெட்டி, சுருக்கமில்லாத அலுமினியத் தாளை ஒட்டி, நடுவில் ஊசியால் 1.5 மி.மீ. துளை இடுங்கள். ஊசியைக் குத்தி இழுக்காமல் சுழற்றி எடுத்தால் விளிம்பு கிழியாது. ஒரு மீட்டர் தள்ளி நிழலில் வெள்ளைத்தாள் வைத்தால் சூரியன் 9 மி.மீ. வட்டமாக விழும், இரண்டு மீட்டரில் 18 மி.மீ. வட்டம் மங்கலாக இருந்தால் துளையைப் பெரிதாக்கத் தோன்றும். செய்யாதீர்கள், விளிம்பு கலங்கி கடிபட்ட வடிவம் தெரியாமல் போகும். தாளைச் சுற்றி இருட்டைக் கூட்டுங்கள். சூரியனுக்கு முதுகைக் காட்டித் தாளைப் பாருங்கள். பிம்பம் மேல்கீழாகப் புரண்டிருக்கும். வானில் இடப்புறக் கீழ்விளிம்பில் தொடங்கும் மறைப்பு, தாளில் இடப்புற மேல்விளிம்பில் தொடங்கும்.

துளை வழியாகக் கண்ணை வைத்துச் சூரியனைப் பார்க்கவே கூடாது. எக்ஸ்ரே பிலிம், புகைபிடித்த கண்ணாடி, சாணம் கரைத்த தண்ணீர் எதுவும் கண்ணைக் காக்காது. நேரடியாகப் பார்க்க ஐஎஸ்ஓ 12312-2 தரமுள்ள, கீறல் இல்லாத கிரகணக் கண்ணாடி மட்டுமே.

சென்னையில் மாலை 5 மணிக்குச் சூரியன் மேற்கிலிருந்து சற்று வடக்கே, 21 பாகை உயரத்தில்தான் இருக்கும். கையை நீட்டி இரண்டு முட்டி உயரம். ஆகஸ்ட் 1 அன்று அதே நேரத்தில் மொட்டை மாடிக்குப் போய், எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மறைக்கிறதா என்று பார்த்து இடத்தை முடிவு செய்துகொள்ளுங்கள்.