பழைய இழுப்பறை மேசையைத் தேர்ந்து, சீர்செய்து, அறையில் வைப்பது எப்படி?

பழைய மரச்சாமான்களில் ஆசை கொண்டு இந்த வேலையில் இறங்குபவர்கள், சாமான் வீட்டுக்கு வந்த அன்றே உப்புத்தாளைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பல ஆண்டுக் காலம் கைபட்டும் வெளிச்சம் பட்டும் கனிந்திருந்த ஒரு மேசைப் பலகையின் நிறத்தை ஒரே பிற்பகலில் தேய்த்து எடுத்துவிட்டேன். எத்தனை பூச்சுப் பூசியும் அந்த நிறம் திரும்பவில்லை. அன்றிலிருந்து, பின்னால் மாற்றிக்கொள்ள முடிகிற வேலையை முதலில் செய்து, மாற்ற முடியாத வேலையை இயன்றவரை தள்ளிப்போடுகிறேன். இங்கே சொல்லப்போகும் ஒவ்வொரு படியும் அந்த ஒழுங்கில்தான் அமைந்திருக்கிறது.

முதல் பொருளாக ஒன்றிரண்டு இழுப்பறைகள் உள்ள சிறிய மேசையைத் தேர்ந்துகொள்ளுங்கள். பொருத்துகள், உலோகக் கைப்பிடிகள், அகன்ற பலகை, அசையும் பகுதி ஆகிய அனைத்தும் அதில் இருப்பதால், அந்த ஒன்றைச் சீர்செய்தாலே பெரும்பாலான வேலைகள் கைக்குப் பழகிவிடும்.

படி 1: பார்த்து வாங்குதல்

வீடு மாறுபவர்கள் விற்கும் சாமான்கள், ஏலங்கள், பழைய பொருள் கடைகள், உறவினர் வீட்டுப் பரண்கள் என எங்கு தேடினாலும், மேசையின் முகப்பைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். இழுப்பறையை முழுவதுமாக வெளியே எடுத்துக் கவிழ்த்துப் பாருங்கள். முகப்பை எத்தனை முறை வேண்டுமானாலும் மெருகேற்றியிருக்கலாம்; இழுப்பறையின் அடிப்பக்கத்தைப் பெரும்பாலும் யாரும் தொடுவதில்லை.

இழுப்பறையின் மூலையில் முன்பலகையும் பக்கப்பலகையும் புறாவின் வால் வடிவில் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருந்தால், அந்த வால்களின் அளவைக் கவனியுங்கள். அவை ஒன்றுபோல் இல்லாமல், அளவுக்காகத் தச்சர் கீறிய கோடும் தெரிந்தால், அது கையால் வெட்டிய பொருத்தாக இருக்க வாய்ப்பு அதிகம். எல்லாம் ஒரே அளவில், ஒரே இடைவெளியில் இருந்தால் இயந்திரத்தில் வெட்டியிருப்பார்கள். அறுப்புத் தடங்களும் பேசும். வளைந்த கீறல்கள் இயந்திரத்தில் சுழலும் வட்ட ரம்பத்தின் வேலை. திருகின் தலையில் கூட்டல் குறி இருந்தால் அது 1930-களிலோ அதற்குப் பிறகோ வந்தது. முனை கூராக இல்லாமல் மொட்டையாக இருக்கும் மரத்திருகு, பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முற்பட்டது. ஆனால் திருகை யார் வேண்டுமானாலும் மாற்றியிருக்கலாம் என்பதால், ஒரே ஓர் அடையாளத்தை நம்பாமல் மூன்று நான்கு அடையாளங்கள் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

வட்ட மேசை கிடைத்தால் அளவுகோல் ஒன்று போதும். மரம் உலரும்போது ரேகைக்குக் குறுக்காகத்தான் சுருங்கும். நீளவாக்கில் சுருங்குவது மிகமிகக் குறைவு. எனவே ஒட்டுப்பலகையாக இல்லாமல் முழு மரத்தால் செய்த மிகப் பழைய வட்டப் பலகையை இரு திசைகளிலும் அளந்தால் சிறு வேறுபாடு இருக்கும். அது இப்போது முழு வட்டமாக இருக்காது. இந்தச் சோதனையைச் செய்யும் ஒவ்வொரு முறையும் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது, ஏனெனில் மரம் தன் வயதைத் தானே எழுதி வைத்திருப்பதை அளவுகோலில் படிக்க முடிகிறது.

அடுத்து உறுதியைப் பாருங்கள். எதிரெதிர் மூலைகளைப் பிடித்து மெல்ல அசைத்தால் எந்தப் பொருத்து தளர்ந்திருக்கிறது என்பது தெரியும். தளர்ந்த பொருத்து குறையே அல்ல, எளிதில் சரியாகும். கால் குறுக்காக முறிந்திருப்பது, அடிப்பகுதி ஈரத்தில் மக்கியிருப்பது, மரத்தூளை அழுத்திச் செய்த பலகை ஊதிப்போயிருப்பது ஆகியவை தொடக்கநிலையில் தவிர்க்க வேண்டியவை.

படி 2: உளுவை (மரத்தைத் துளைக்கும் பூச்சியை) சோதித்தல்

ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டத் துளைகள் தெரிந்தால் அவை பெரும்பாலும் வண்டு வெளியேறிய வழிகள். துளை இருப்பதாலேயே இப்போது பூச்சி இருக்கிறது என்று பொருளில்லை. மேசையை மற்ற மரச்சாமான்களிலிருந்து விலக்கி, அடியில் கறுப்புத் தாளை விரித்து, சில வாரங்கள் அசைக்காமல் வையுங்கள். தாளில் வெளிறிய புதுத்தூள் விழுந்தால் உள்ளே உயிர் இருக்கிறது. இழுப்பறை போன்ற சிறிய பகுதியைப் பாலிதீனில் காற்றுப் புகாமல் சுற்றி, உறைபெட்டியில் −18 டிகிரி செல்சியஸில் இரண்டு வாரம் வைத்தால் பூச்சியும் புழுவும் இறந்துவிடும். முழு மேசையும் பாதிக்கப்பட்டிருந்தால் பூச்சி ஒழிப்பில் பயிற்சி உள்ளவரை அழைப்பதே நல்லது.

படி 3: தூய்மை செய்தல்

கைப்பிடிகளைக் கழற்றுமுன் படம் எடுத்து, எந்தத் திருகு எங்கிருந்து வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். பழைய திருகு அதே துளைக்குத் திரும்புவதே நல்லது. பிறகு மென்மையான சோப்புக் கரைசலில் நனைத்து இறுகப் பிழிந்த பருத்தித் துணியால், சிறுசிறு பகுதியாகத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். முதலில் கண்ணில் படாத ஓரிடத்தில் செய்து பார்ப்பது கட்டாயம். “இதன் பாலிஷ் போய்விட்டது” என்று நினைத்த மேசைகள் பலவற்றில் போயிருந்தது பாலிஷ் அல்ல; அதன்மேல் படிந்த புகையும் பழைய மெழுகும்தான் அதை மறைத்திருந்தன.

படி 4: மேற்பூச்சை அறிதல்

அவசரப்படாமல் செய்யவேண்டிய படி இதுதான். பஞ்சில் சிறிது ஸ்பிரிட்டை (பாலிஷ் கலக்கப் பயன்படும் எரிசாராயத்தை) தோய்த்து, மேசையின் உட்புற ஓரத்தில் சில விநாடிகள் வைத்துப் பாருங்கள். பூச்சு இளகிப் பிசுபிசுத்தால் அது அரக்கு பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல், தின்னரில் கரைந்தால் அது செல்லுலோஸ் லாக்கர். அது 1920-களில்தான் பரவலாயிற்று. இரண்டுக்கும் அசையாவிட்டால் எண்ணெய் வார்னிஷாகவோ பிற்காலத்து பாலியூரிதேனாகவோ இருக்கலாம்.

அரக்கு என்று தெரிந்தால் மகிழுங்கள். அரக்குப் பூச்சிகள் மரக்கிளைகளில் சுரக்கும் பிசினை ஸ்பிரிட்டில் கரைத்தால் கிடைப்பதே இந்த பாலிஷ். புதிதாகப் பூசும் அரக்கு பழைய அரக்கை இளக்கி அதனோடு ஒன்றிவிடுவதால், பழையதைச் சுரண்டி எடுக்கத் தேவையில்லை. தேய்ந்த இடத்தில் மட்டும் மெல்லிய பூச்சாக நான்கைந்து முறை, இடையிடையே உலரவிட்டுப் பூசினால் போதும். கலந்து பல மாதங்கள் ஆன கரைசல் கெட்டியாக உலராது என்பதால் முதலில் கண்ணாடித் துண்டில் பூசிச் சோதியுங்கள். ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றும். நெருப்பு அருகில் இல்லாத, காற்றோட்டமான இடத்தில் வேலை செய்யுங்கள்.

மேசைக்குப் பெயின்ட் அடித்திருந்தால் ஓர் எச்சரிக்கை. பழைய பெயின்ட்டுகளில் ஈயம் கலப்பது வழக்கமாக இருந்தது. சோதித்து உறுதிசெய்யும்வரை ஈயம் இருப்பதாகவே கொண்டு, உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்ப்பதையும் சூடுகாட்டி உரிப்பதையும் தவிர்த்துவிடுங்கள். அந்தத் தூள் குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் பெருந்தீங்கு செய்யக்கூடியது. பெயின்ட் உறுதியாக ஒட்டியிருந்தால், அதன்மேல் புதுப் பூச்சு ஒன்றைப் பூசி அப்படியே வைத்திருப்பதில் தவறில்லை.

படி 5: பொருத்துகளை இறுக்குதல்

20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை தச்சர்கள் பெரும்பாலும் விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த வஜ்ஜிரத்தையே பயன்படுத்தினார்கள். வெந்நீர் பட்டால் இளகி, பொருத்தை உடைக்காமல் பிரிக்க இடம் கொடுப்பதே அதன் பெருஞ்சிறப்பு. தளர்ந்த காலைக் கழற்றி, பழைய பசையை வெந்நீர்த் துணியால் துடைத்தெடுத்து, நன்கு உலர்ந்தபின் புதுப்பசை இடுங்கள். இன்றைய வெள்ளைப் பசை பழைய வஜ்ஜிரத்தின்மேல் சரியாகப் பிடிக்காது. அதைப் பயன்படுத்துவதானால் மரம் முழுத் தூய்மையாக இருக்க வேண்டும். மீண்டும் வஜ்ஜிரத்தையே இட்டால், அடுத்த தலைமுறையில் ஒருவர் அதே பொருத்தைப் பிரித்துச் சீர்செய்ய முடியும். என் தேர்வு எப்போதும் அதுதான்.

இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் இல்லையென்றால், கால்களைச் சுற்றிக் கயிற்றை இரட்டையாகக் கட்டி, நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்குங்கள். கயிறு பதியும் இடத்தில் துணி வையுங்கள். பிறகு மூலைக்கு மூலை இரு குறுக்களவுகளையும் எடுத்துப் பார்த்து, இரண்டும் சமமாக வரும்வரை நேராக்கி, ஒரு நாள் முழுவதும் அசைக்காமல் விடுங்கள். ஆணி அடிக்காதீர்கள். ஆணி மரத்தைப் பிளக்கும். அடுத்த முறை பிரிக்கவும் விடாது.

இழுப்பறை இறுகினால், அடியில் உராயும் விளிம்பில் மெழுகுவர்த்தியைத் தேயுங்கள். ஈரமான நாட்களில் மரம் உப்பி இறுகுவது இயல்பு. அப்போது இழைத்துக் குறைத்தால் வறண்ட நாட்களில் ஆட்டம் கொடுக்கும்.

படி 6: கறைகளும் உலோகமும்

பலகையில் வெண்வளையம் இருந்தால் ஈரம் பூச்சுக்குள் மட்டும் நின்றிருக்கிறது என்று பொருள். முடி உலர்த்தியை மிதமான சூட்டில், ஓரிடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக் காட்டினால் பெரும்பாலும் மறையும். கருவளையம் மரம்வரை இறங்கியது. இரும்பும் மரத்தின் துவர்ப்புச் சத்தும் சேர்ந்து உண்டான அந்தக் கறையை நீக்கப் பூச்சை எடுத்து, நஞ்சான ஆக்சாலிக் அமிலத்தைக் கையாள வேண்டும். முதல் மேசையில் அதை விட்டுவிடுங்கள்.

கைப்பிடியில் காந்தம் ஒட்டினால் அது பித்தளை முலாம் பூசிய இரும்பு. அழுத்தித் தேய்த்தால் முலாம் போய்விடும். முழுப் பித்தளையையும் கண்ணாடிபோல் மின்னவைக்க வேண்டாம், பழைய மரத்தின் பக்கத்தில் அது ஒட்டாமல் தனித்து நிற்கும்.

ஆளிவிதை எண்ணெய் பூசினால், துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். அந்த எண்ணெய் உலரும்போது வெப்பத்தை வெளிவிடுவதால் குவிந்த துணி தானாகவே தீப்பற்றும். வெளியில் ஒற்றைப் படலமாக விரித்து உலர்த்துங்கள்; அல்லது நீர் நிரம்பிய, மூடியுள்ள உலோகப் பாத்திரத்தில் போடுங்கள்.

படி 7: அறையில் இடம் தருதல்

ஒரே காலத்துப் பொருள்களால் அறையை நிரப்பினால் அது காட்சிக்கூடமாகிவிடும். எளிய வெறுஞ்சுவர், அதன் முன் பழைய மேசை, அதன்மேல் விளக்கு ஒன்று என்ற அளவில் நிறுத்தினால் மரத்தின் ரேகை தானே கண்ணை இழுக்கும். பக்கத்தில் வைக்கும் புதுச்சாமானின் நிறம் அப்படியே ஒத்திருக்கத் தேவையில்லை. உயரமும் கனமும் பொருந்தினால் போதும்.

நேர்வெயில் நிறத்தை வெளிறச் செய்யும். குளிர்சாதனக் காற்றோ அடுப்பின் வெப்பமோ நேரே பட்டால் பலகை வெடிக்கும். சுவரிலிருந்து சில விரல்கடை தள்ளி வைத்து, கால்களுக்கடியில் கம்பளித் துணித்துண்டு ஒட்டுங்கள். அரக்கு பூசிய பலகையின்மேல் சூடான பாத்திரத்தையோ ஈரக் கோப்பையையோ வைக்கக்கூடாது. ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை தேன்மெழுகை மிக மெல்லிதாகத் தடவித் துடைப்பது போதும். சிலிகான் கலந்த தெளிப்பான்களைப் பயன்படுத்தினால் பின்னால் எந்தப் பூச்சும் அந்தப் பரப்பில் சீராகப் பிடிக்காது. முதல் ஓராண்டுக்கு, மெழுகு பூசும் ஒவ்வொரு முறையும் இழுப்பறையைக் கவிழ்த்து, கறுப்புத் தாளை மீண்டும் விரித்து, புதுத்தூள் விழுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.