டேப்பரில் இறுகிய ஜீப் பின் ஆக்சிலை உருவிய கதை

உசிலம்பட்டி தோட்டத்தில் ஓடும் பழைய ஜீப். பின் இடது டிரம்முக்குள் கியர் ஆயில் கசிந்து பிரேக் பிடிக்கவில்லை. கசிவைத் தடுக்கும் சீலை மாற்ற, சக்கரத்தைச் சுழற்றும் தண்டான ஆக்சிலை உருவ வேண்டும். சக்கரம் பூட்டும் ஹப்போ, ஆக்சிலின் கூம்பு முனையில் (டேப்பரில்) இறுகிக் கிடந்தது.

மண்ணெண்ணெய் ஊற்றி ஊற வைத்தேன், பலனில்லை. மூன்று கால் புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) வழுக்கியது. ஆக்சில் முனையில் சம்மட்டியால் அடிக்கச் சொன்னார்கள், நான் விடவில்லை. இந்த வகையில் இரு ஆக்சில்களும் டிஃபரன்ஷியல் (இரு பின் சக்கரங்களுக்கும் விசையைப் பிரிக்கும் பல்சக்கரப் பெட்டி) நடுவில் ஒரு கட்டையில் முட்டி நிற்கும். அடி முழுக்க அங்கே போகும்.

மதுரையில் ஒரு லேத் பட்டறையில் தடித்த தகட்டில் சக்கரம் மாட்டும் 5 ஸ்டட்டுக்கும் துளை போட்டு, நடுவில் போல்ட் வைத்து வாங்கினேன். அதை ஹப்பில் பூட்டி இறுக்கினால் நடு போல்ட் ஆக்சில் முனையைத் தள்ளும். ஆக்சில் நட்டைக் கழற்றாமல் சில சுற்று மட்டும் தளர்த்தி விட்டேன். இல்லையென்றால் ஹப் விடுபடும்போது தெறித்து ஆளை அடிக்கும். ஹப்பை மட்டும் சூடாக்கி, போல்ட்டை இறுக்கி, இரவு முழுக்க அப்படியே விட்டேன். காலையில் இன்னும் கொஞ்சம் திருப்பியதும் 'டமார்'!

அப்புறமும் ஆக்சில் வரவில்லை. பேரிங்கின் வெளி வளையம் ஆக்சில் குழாய்க்குள் துருவோடு ஒட்டியிருந்தது. பிரேக்கைத் தாங்கும் பேக்கிங் பிளேட்டின் போல்ட்டுகளைக் கழற்றி, ஹப்பைத் தளர்வாக மாட்டி, நட்டைப் போட்டு, ஹப்பை வெளிப்பக்கமாக வெடுக் வெடுக்கென்று இழுத்தேன். வந்துவிட்டது. பிளேட்டுக்குப் பின்னால் உள்ள மெல்லிய ஷிம் தகடுகளைத் தொலைக்காதீர்கள். ஆக்சிலின் ஆட்டத்தை அளவாக வைப்பவை அவைதான்.