நண்பர்களை வைத்துச் செய்தியைச் சலிப்பது

மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் காலையில் போனைத் திறந்தால் செம்பனை விலையும் தமிழ்ப்பள்ளிச் செய்தியும் ஏதோ நடிகர் வீட்டுக் கல்யாணத்துக்கு அடியில் கிடக்கும். நண்பர்களில் யார் எதில் விவரமானவர் என்று முதலில் பாருங்கள்: விலைக்குத் தோட்டத்துக் கிராணி (எழுத்தர்), பள்ளிக்கு ஒரு டீச்சர், இப்படி ஐந்தாறு பேர் போதும். ஃபேஸ்புக்கில் அவர்களை ஃபேவரிட்ஸில் போடுங்கள், 30 பேர் வரை இடம் உண்டு, அவர்கள் போடுவது மேலே வரும். படிக்காமலே பகிர்கிற மாமாவை (எல்லார் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார்) ஸ்னூஸ் செய்தால் 30 நாளைக்கு அவர் பதிவு கண்ணில் படாது, நிம்மதி, அவருக்குத் தெரியவும் தெரியாது.

வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்த சரக்கு, அனுப்பியவர் நண்பர் என்பதற்காக நம்பிவிடாதீர்கள், "நீங்க படிச்சீங்களா?" என்று கேளுங்கள். மழுப்பினால், மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் 2017இல் தொடங்கிய செபெனார்ஞா என்ற செய்தி சரிபார்ப்புத் தளத்தில் தேடிப் பாருங்கள்.

அப்புறம், எல்லாரும் ஒரே கட்சிக்காரர்களாக இருந்தால் செய்தியும் ஒரு பக்கமாகவே வரும். எதிர்க்கட்சிக்காரர் ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் பட்டியலில் இருப்பவர் தினமும் எரிச்சலூட்டுகிறார், இன்னும் நீக்கவில்லை.