பழைய கைப்பாவைய சரி பண்றீங்களா? முகத்துல பெயிண்ட் அடிக்காதீங்க

போன ஞாயித்துக்கிழமை ஒரு பொண்ணு அவங்க பாட்டி வச்சிருந்த ராஜா பாவைய எடுத்துட்டு வந்துச்சு. முகம் பூரா புது பெயிண்ட். "எப்படிக்கா இருக்கு?"ன்னு ஆசையா கேக்குது, எனக்கு வாய் வரல. பதினஞ்சு வருஷம் முன்னாடி நான் பண்ணின அதே வேலை. இந்த வருஷத்துல நான் பாக்குற மூணாவது முகம் இது, அதான் உக்காந்து எழுதுறேன்.

கிழிஞ்சத தைக்கிறது, தூசி தட்டுறதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுடறேன். கீழ தலைப்பு தலைப்பா போட்டிருக்குறதெல்லாம் பண்ணக்கூடாதது. நான் சொல்றது காகிதக்கூழ் தலை வச்ச கைப்பாவை, ஆள்காட்டி விரல கழுத்துக்குழாய்ல விட்டு கட்டைவிரலையும் நடுவிரலையும் ரெண்டு கையா ஆட்டுவோமே அது. கதகளி வேஷத்துல ஆடுற பாலக்காட்டு பாவக்கதகளி பாவை மாதிரி மரத்தலைக்கு இது அப்படியே பொருந்தாது.

முகத்துக்கு முழுசா எனாமல் அடிக்கிறது

எங்க அத்தை டீச்சர். டெல்லில சி.சி.ஆர்.டி.ன்னு மத்திய அரசு மையம் ஒண்ணு இருக்கு, 1979-ல ஆரம்பிச்சது, பாவை செஞ்சு பாடம் நடத்துறத பத்தி வாத்தியாருங்களுக்கு பயிற்சி தருவாங்க. அத்தை அங்க போய்ட்டு வந்து, பழைய பேப்பர ஊறவச்சு இடிச்சு மைதா பசை கலந்து, தன் கையாலயே ஒரு செட் செஞ்சாங்க. அதுல ஒரு கிழவி. இடது புருவம் கொஞ்சம் தூக்கி இருக்கும், வலது புருவம் தணிஞ்சு இருக்கும். தலைய ஒரு பக்கம் திருப்பினா கோவமா தெரிவா, மறுபக்கம் திருப்பினா சிரிக்கிற மாதிரி தெரிவா. எனக்கு அது அப்போ புரியல. கலர் மங்கிப்போச்சு, அங்கங்க உதிருதுன்னு ஒரே மதியத்துல எனாமல் அடிச்சு, ரெண்டு புருவத்தையும் சமமா வரைஞ்சு முடிச்சிட்டேன். அன்னிக்கு ரொம்ப அழகா இருந்த மாதிரிதான் தோணுச்சு.

ரெண்டு மழைக்காலம் தாண்டுச்சு. கன்னத்துல பெயிண்ட் முட்டை ஓடு மாதிரி தூக்கிக்கிட்டு நின்னுச்சு, தொட்டதும் கையோட வந்துடுச்சு. திருப்பிப் பாத்தா அந்த ஓட்டோட உள்பக்கத்துல அத்தை போட்ட ரோஸ் கன்னம், பழைய சுருக்கக் கோடு, அடியில இருந்த சாக் பவுடர் பூச்சு எல்லாம் சேந்தே ஒட்டிட்டு வந்திருக்கு. தலையில வெறும் நியூஸ்பேப்பர்தான் மிச்சம். அத்தை அத கையில மாட்டி ரெண்டு பக்கமும் திருப்பிப் பாத்துட்டு, "இது அவ இல்லடி"ன்னு மட்டும் சொன்னாங்க. இன்னிக்கும் அத நினைச்சா எனக்கு என் மேலயே ஆத்திரமா வருது.

ஏன் இப்படி ஆகுதுன்னா, போஸ்டர் கலரும் சாக் பூச்சும் தண்ணில கரையுற பசையால நிக்கிறது, கீழ இருக்குறது காகிதம், காத்துல ஈரம் ஏறினா எல்லாம் கொஞ்சம் உப்பும், காஞ்சா சுருங்கும். மேல இருக்குற எனாமல் தோல் அதோட சேந்து அசையாது, நாளாக நாளாக விறைச்சுப் போகும், கடைசில பலவீனமான அடி பூச்சையும் பிடுங்கிட்டுதான் வரும். போதாததுக்கு விளக்கு வெளிச்சத்துல முகம் கண்ணாடி மாதிரி அடிக்கும், புருவம் கண்ணு ஒண்ணும் உக்காந்து பாக்குறவங்களுக்கு தெரியாது.

என்ன பண்ணலாம்? முதல்ல நாலு பக்கமும் போட்டோ. அப்புறம் உதிர்ந்த குழிய மட்டும் சாக் பவுடரும் நீர்த்த பசையும் குழைச்சு நிரப்புங்க, காஞ்சதும் அந்த இடத்துக்குள்ள மட்டும் வாட்டர் கலர், அதுவும் பிரஷ் கிட்டத்தட்ட காஞ்ச மாதிரி இருக்கணும், ஈரம் ஓரத்துக்கு போச்சுன்னா பழைய கலரும் கரைஞ்சு வந்துடும். பழசை விட துளி வெளிறின நிறமே போதும். மங்கின இடத்த தொடவே வேண்டாம், மங்கினது சேதம் இல்ல.

ஈரத்துணியால முகம் துடைக்கிறது

துணியோட முகமும் வந்துடும். மென்மையான மேக்கப் பிரஷ் போதும்.

சூப்பர் க்ளூ

வேண்டாம். சுத்தி வெள்ளையா பூக்கும், ஒட்டின இடம் கல்லாகி பக்கத்துல விரிசல் விடும். விரிசலுக்கு டிஷ்யூ பேப்பர கத்தரிக்காம கையால கிழிச்சு, தண்ணியா காய்ச்சின மைதா பசைல ஒட்டுங்க, கிழிச்ச ஓரத்து நார் பழைய காகிதத்தோட நல்லா படிஞ்சுக்கும். பூச்சி வராம இருக்க பசைல மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடுற பழக்கம் உண்டு, அது விஷம், பிள்ளைங்க எடுத்து விளையாடுற பொம்மைக்கு போடாதீங்க.

உப்புத்தாள் தேய்க்கிறது

பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கலாம். தேய்க்காதீங்க.

சட்டைய கழுத்தோட ஒட்டுறது

கழுத்து பள்ளத்துல நூலால கட்டணும், ஒட்டக்கூடாது. கழட்ட முடிஞ்சாதான் சட்டைய தனியா பாக்க முடியும். பூச்சி இருந்தா சட்டைய மட்டும் பாலிதீன் கவர்ல காத்து புகாம கட்டி ஃப்ரீசர்ல ரெண்டு வாரம் வைங்க, வெளிய எடுத்ததும் கவர பிரிக்காம அறைச்சூட்டுக்கு வர விடுங்க. தலைய ஃப்ரீசர்ல வைக்காதீங்க, பெயிண்ட் வெடிக்கும். தலைக்கு வெள்ளைத்தாள் விரிச்ச ஒரு டப்பா போதும், ஒரு மாசம் மூடி வச்சு, தாள்ல புதுசா தூள் விழுதான்னு பாருங்க.

ஆணில மாட்டி தொங்கவிடுறது

காலி கண்ணாடி பாட்டில் மேல நிக்க வைங்க.

அந்த பொண்ணு, எனாமல தின்னர் வச்சு எடுத்துடலாமான்னு கேட்டுச்சு. வேண்டாம்னு சொன்னேன், இளகினத துடைக்கிற துடைப்புல சாக் பூச்சும் போயிடும். பெயிண்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி எடுத்த போட்டோ ஒண்ணு அதோட போன்ல இருந்துச்சு, ராஜாவோட மீசை ஒரு பக்கம் கோணலா. அத பிரிண்ட் போட்டு டப்பாக்குள்ள வைக்க சொல்லி அனுப்பினேன்.